ஐந்தாவது சீட்டு

திருத்தணி
18-8-2024, ஞாயிறு காலை

அன்பும் மரியாதையுமுள்ள சர்வர் அக்காவுக்கு,

புஷ்பலதா எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் சுகம், கோழிகளும் சுகம். உங்கள் மகள் அலீஷாவும் பேத்தியும் நன்றாக இருப்பதாக உங்கள் வீட்டுக்காரர் முக்தார் பாய் சொன்னார். வருகிற வியாழனோடு குழந்தை பிறந்து நாற்பது நாள் முடிகிறதாம். அதற்காக அவர் புதன்கிழமை காலை வண்டியில் பங்காருப்பேட்டைக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லிவிட ஆறு முறை முயன்றேன். ஆறு முறையும் நீங்கள் "ஆங் புஷ்பா, நல்லாகீறேன், கொழந்த அழுவுது" என்று வைத்துவிட்டீர்கள். குழந்தை அழுகிற சத்தம் எனக்கு இரண்டு முறைதான் கேட்டது.

முதலில் கோழிச் செய்தி. ஜூலை இரண்டாம் தேதி, ஊருக்குப் புறப்படுகிற அன்று காலையில்கூட நீங்கள் அரக்கோணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஏழு நாள் ஆன முட்டைகளில் கரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் வைத்துப் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினீர்கள். அறுபதில் நான்கைக் கழித்தீர்கள். மீதி ஐம்பத்தாறில் ஐம்பத்து நான்கு பொரித்தன. மணவூர் எல்லம்மாள் முப்பது குஞ்சு வாங்கிக்கொண்டு போனார். "கண்ணாடி போட்ட அம்மா இல்லியா? அவங்க எண்ணிக் குடுத்தா ஒண்ணுகூட சாவாது. நீ குடுக்கறே, பாப்போம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஒரு மாதம் கழித்து வந்து, ஒன்றும் சாகவில்லை, ஆனால் அது அந்த அம்மா பார்த்த முட்டை என்பதால்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த அறுபது முட்டையை ஆடிக் கிருத்திகை அன்று நானே பொரிக்கும் பெட்டியில் அடுக்கினேன். மலைக்குப் போகிற சாலை முழுவதும் காவடிகள். பம்பைச் சத்தம் நம் கொட்டகை வரை வந்தது. நீங்கள் செய்வதுபோலவே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி போட்டு, எந்தக் கோழியின் முட்டை என்று தெரிய, அதன் காலில் கட்டிய நூலின் நிறத்தின் முதல் எழுத்தும் போட்டேன். ஏழாம் நாள் வந்தது. சாக்குப் படுதா போட்ட அந்த அறையில் டார்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் பார்க்கும்போது "தோ பாரு, வேர் வுட்டுக்கினு கீது" என்பீர்கள். எனக்கு வேரும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது வானம் ஒரு நிறத்தில் இருக்குமே, முட்டைக்குள் அந்த நிறம்தான் இருந்தது. நடுவில் சிறிய மலை மாதிரி ஒரு கருப்பு. பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே தீவனத்துக்குக் கோழிகள் கூப்பிட்டதுகூடத் தூரத்து ஊரின் சத்தம்போல் கேட்டது. பிறகு அந்தக் கருப்பு அசைந்தது. நான் பயந்துபோய் முட்டையை வைத்துவிட்டேன். கடைசியில் எதையும் கழிக்க மனம் வராமல் அறுபதையும் அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். நாளை இருபத்தோராம் நாள். எத்தனை பொரிக்கும், எத்தனை நாறும் என்று நாளை தெரியும்.

முக்தார் பாய் பழைய ஃபிரிட்ஜில் பல்பு மாட்டிச் செய்து கொடுத்த அந்தப் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. மதியத்தில் அதன் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. போன வாரம் அப்படி ஒரு கனவு வந்தது. மலைப் படிக்கட்டில் நம் குஞ்சுகள் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லை. ஒவ்வொன்றின் வாயிலும் மடித்த காகிதம். நான் அவற்றுக்கு எதிராகக் கீழே இறங்கி வந்து சரவணப் பொய்கைக் கரையில் உங்களைத் தேடினேன். உங்கள் குடை மட்டும் விரித்தபடி இருந்தது. விழித்துப் பார்த்தால் என் மடியில் நீல நூல் கோழி உட்கார்ந்திருந்தது.

கனவுக்குக் காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதை எழுதத்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத் தெரிந்ததையே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் கடைசியில் இருப்பதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலைப் பதிவு செய்ய வேண்டும், அப்போதுதான் அரக்கோணம் கடைகளுக்கும் கனகம்மாசத்திரம் கடைகளுக்கும் மொத்தமாகக் குஞ்சு கொடுக்க முடியும் என்று சித்திரை மாதம் முடிவு செய்தோம். இ-சேவை மையத்து சுதாகர் இரண்டு பேர் பெயரையும் ஆதாரையும் அடித்துவிட்டு, தொழிலின் பெயர் என்ன என்று கேட்டான். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று வருடமாகக் கோழி வளர்க்கிறோம், அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை. "பேரு இல்லாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போவாதுக்கா" என்றான்.

அந்த ஒன்றரை மாதம் எனக்கு ஏதோ ஒரு பண்டிகை நெருங்குகிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளையே படித்துக்கொண்டு போனேன். தவிடு கலக்கும்போது ஒரு பெயர் வரும், கை கழுவும்போது போய்விடும். வந்த பெயரையெல்லாம் கொட்டகை வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். எதற்காவது கோழிகள் தலை தூக்குகின்றனவா என்று பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் தூக்கின. தீவனம் வருகிறது என்று நினைத்திருக்கும்.

கடைசியில் நான்கு பெயர் நின்றன. என்னுடையது மலையடிவாரம். முக்தார் பாய் நம் இருவர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து எஸ்.பி. பண்ணை என்றார். "எஸ்.பி.ன்னு போர்டு வெச்சா ரோட்ல போறவன் ஹெல்மெட்ட எடுத்து மாட்டுவாம்மா" என்று அவரே சிரித்தார். வீட்டுக்காரர் தணிகைவேல் நாட்டுக்கோழிப் பண்ணை என்றார். நீங்கள் சொன்னதுதான் இருபத்தொரு நாள். "கறுப்போ செவப்போ, உன் வூட்டு முட்டையோ என் வூட்டு முட்டையோ, அல்லா வெச்ச கணக்கு ஒண்ணுதான். அதையே பேரா வெச்சிடலாம்" என்றீர்கள். வீட்டுக்காரர், "நம்பரைப் பேரா வெச்சா லாட்டரிக் கடைன்னு நெனச்சிக்கினு வருவாங்க" என்றார். "வரட்டுமே, வந்தவன் கையில ரெண்டு குஞ்சு குடுத்து அனுப்பலாம்" என்று நீங்கள் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார்.

யார் பெயரையும் யாரும் தள்ள முடியாமல் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது நான். எங்கள் வீட்டில் நிலம் வாங்குவது முதல் எல்லாவற்றுக்கும் மலைமேல் சாமி முன்னால் சீட்டுப் போடுவது வழக்கம். பெயர்ச் சீட்டுகளோடு எழுதாத சீட்டு ஒன்றையும் சேர்த்து மடித்துப் போடுவோம். அது வந்தால் இப்போது வேண்டாம், பொறுத்திரு என்று அர்த்தம். உங்களுக்கு இதில் வருத்தம் இருக்குமோ என்று கேட்டேன். "உன் சாமி எம்மேல இன்னா கோவமா கீறாரு? போடு" என்று, முட்டையில் எழுதுகிற பென்சிலாலேயே உங்கள் சீட்டை எழுதிக் கொடுத்தீர்கள்.

ஜூன் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. நீங்கள் திருத்தணி பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வீட்டில் நான் சீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டே, "சாமி முன்னாடி அந்த நம்பர் எதுக்கு? அவங்க பேரு வந்துட்டா ஊர்ல இன்னா சொல்லுவாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். சீட்டில் அவர் கை படவில்லை அக்கா. எடுத்தது என் கை. உங்கள் சீட்டைக் கிழிக்க மனமில்லாமல் முட்டை நோட்டுக்குள் வைத்தேன். மீதி மூன்று பெயரும் ஒரு வெற்றுச் சீட்டுமாக நான்கைத்தான் எடுத்துப் போனேன்.

நீங்கள் பொய்கைக் கரையில் குடை பிடித்து எங்கள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்தீர்கள். மேலே, மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு சின்னப் பெண் குழந்தையைச் சீட்டு எடுக்கச் சொன்னோம். வெற்றுச் சீட்டு வந்தது.

கீழே வந்ததும் நீங்கள் கேட்டீர்கள்: "எஞ்சீட்டும் இருந்துச்சா?" நான் சொன்னேன்: "ஆங், இருந்துச்சிக்கா. வெத்துச் சீட்டுதான் வந்துச்சி." நீங்கள் சிரித்து, "உன் சாமிக்கும் நம்ம மாதிரியே கொழப்பம்" என்று சொல்லி எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த சோடாவை முழுவதும் குடித்தேன்.

ஜூன் இருபதாம் தேதி நோட்டில் உங்கள் கையெழுத்தில் "கோழி 14, முட்டை 9. மஞ்சநூல் சோம்பேறி இன்னிக்கும் லீவு" என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில்தான் நான் அந்தச் சீட்டை வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தபோது மடிப்புப் பிரிந்து, நன்றாக நீவி, பென்சிலுக்கு அடியில் இருந்தது. மறுநாளிலிருந்து நீங்கள் எழுதிய பதினோரு நாளும் எண் மட்டும்தான். மஞ்சள் நூல் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டாம் நாள் ஊருக்குப் போய்விட்டீர்கள். குழந்தை பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் செய்தது இதுதான். ஊர் என்ன சொல்லுமோ என்று முதலில் பயந்தேன். பிறகு நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று பயந்தேன். இரண்டாவது பயத்துக்குத்தான் பொய் சொன்னேன். சீட்டை எடுத்ததைவிட அந்தப் பொய் பெரியது என்று இப்போது தோன்றுகிறது. 

பெட்டிக்குள் ஏதோ கீச்சென்றது போல இருக்கிறது. போய்ப் பார்க்கிறேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

20-8-2024, செவ்வாய் மாலை

ஞாயிற்றுக்கிழமை கேட்ட சத்தம் வெறும் நினைப்புதான். நேற்றுக் காலை ஐந்தரைக்குத்தான் உண்மையாகவே கேட்டது. மலையின் கீழ்ப்பாதி மூடுபனியில் இல்லாமல்போய், மேலே கோபுரம் மட்டும் வானத்தில் தனியாக நின்றிருந்த நேரம். கதவைத் திறந்தால் ஈரமாக ஒன்று நின்று என்னைப் பார்த்தது. பத்து மணிக்குள் இருபது, சாயங்காலத்துக்குள் நாற்பத்து ஒன்று. மீதி பத்தொன்பதும் போய்விட்டன. அவற்றில் மூன்று வெடித்து ஒரே நாற்றம். நீங்கள் இருந்திருந்தால் ஏழாம் நாளே எடுத்து வீசியிருப்பீர்கள். ஆனால் நான் பார்க்கும்போது அசைந்த முட்டை பொரித்துவிட்டது. நீல நூல் கோழியின் முட்டை அது. குஞ்சு நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு இருக்கிறது.

அந்த நாற்பத்தொன்றையும் தவிட்டு மெத்தையில் விட்டு விளக்குப் போட்டுவிட்டு, தீவனம் கலந்துகொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய், மலைக்குப் போன அன்று உங்கள் சீட்டைப் போடவில்லை என்று சொன்னேன்.

"எடுத்துட்டியா?" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

"நான் ஆயிரம் சொல்லுவேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னு தெனம் பத்து வாட்டி சொல்றேன், அத்த செய்றியா? இத்த மட்டும் ஒடனே செஞ்சியா?" என்றார். பிறகு, "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கலந்த தீவனத்தையே திரும்பத் திரும்பக் கலந்துகொண்டிருந்தார். கடைசியில், "அதான் ஊருக்குப் போவும்போது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கினு போவல. நான் இன்னாமோ அவசரம்னு நெனச்சேன்" என்றார்.

மதியம் சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். தணிகைவேல் பெயரை விட்டுவிடுகிறாராம். இருபத்தொரு நாள் என்றே சுதாகரிடம் அடிக்கச் சொல்லி, அந்தக் காகிதத்தை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பினால் உங்கள் மனம் ஆறும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை அன்றைக்கு உங்களுக்குத் தெரியாமல் எடுத்தேன். இன்றைக்கு உங்களுக்குத் தெரியாமல் வைத்தால் அதுவும் அதே காரியம்தானே. கோபித்துக்கொண்டவர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கிற மாதிரி உங்களுக்கு ஒரு பெயரைக் கொடுத்தனுப்ப எனக்கு விருப்பமில்லை.

இன்று சுதாகரிடம் போய், மாதக் கடைசிக்குள் இருவரும் வருகிறோம் என்றேன். "பேரு முடிவாயிடுச்சாக்கா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். அதற்குள் முடிவாகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றான். ஆரம்பிக்கலாம் என்றேன். நீங்கள் வராமல் போனால் நான் தனியாக எந்தப் பெயரையும் போடப்போவதில்லை. எல்லம்மாள் மாதிரி வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டு இப்படியே இருந்துகொள்வேன். பெயர் இல்லாமலும் கோழி முட்டை வைக்கிறது.

அலீஷாவுக்கு உடம்பு தேற நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்றால் இருங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். உண்மையான காரணம் அதுவாக இருந்தால் ஆறு மாதம் என்றாலும் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அங்கே இருக்கிறீர்கள் என்றால், அதை மட்டும் இங்கே வந்து என் எதிரில் சொல்லுங்கள் அக்கா. போனில் குழந்தை அழுகிறது என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் திட்டத் தெரியும். முக்தார் பாயை நீங்கள் திட்டுவதை நடு ரோட்டில் நின்று கேட்டிருக்கிறேன். அதில் பாதியாவது எனக்கு வர வேண்டியது பாக்கி இருக்கிறது.

பாய் சனிக்கிழமை மதிய வண்டியில் திரும்புகிறார். நான் அரக்கோணம் ஸ்டேஷனில் இருப்பேன். பெட்டிக்குச் சூட்டை அளக்கிற கருவி ஒன்று அவரிடம் கேட்டிருக்கிறேன், அதை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதை அவர் மறுநாள் தன் கடையிலிருந்தே பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பலாம். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும், "வாம்மா, வண்டி ரெண்டு மணிக்கு" என்றுதான் சொன்னார்.

அலீஷாவை வெந்நீரிலேயே குளிக்கச் சொல்லுங்கள், மொட்டைமாடிக் காற்றில் தலை காய வைக்க வேண்டாம். பேத்தி நூறு வருடம் நன்றாக இருக்கட்டும், உங்கள் கண் பார்வை அவளுக்கு வரட்டும். அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்று பாய் சொன்னார். சொல்ல வாயெடுத்தவரை நான் நிறுத்திவிட்டேன். அந்தப் பெயரை நீங்கள் சொல்லித்தான் நான் கேட்க வேண்டும்.

உங்களுக்குச் செய்தது தவறு என்று அறிந்த,
புஷ்பலதா